விமானத்திற்கு மேற்கட்டி

மேற்கட்டி என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். கோயிலில் இறைவன் திருமேனிக்கு மேலே கட்டப்படும் துணிக்கும், மணப்பந்தலில் ஓலைக்குக் கீழே விரித்துக் கட்டும் வெண்துகிலுக்கும் அதுவே பெயர். விதானம் என்று வடசொல்லாலும் அதனைக் குறிப்பர். கூரையிலிருந்து தூசும் துரும்பும் உதிர்ந்து கீழே இருப்போர் தலையில் விழாமல் தடுப்பது அதன் பயன். கூரையின் கழிகளையும் கட்டுகளையும் மறைத்து அழகு செய்வது அதன் மற்றொரு பயன். சிறு விமானங்களுக்கும் இத்தகைய மேற்கட்டி உண்டு என்பதைப் பலர் அறியார். விமானத்தில் ஏறி அமர்ந்தோர் கீழே தெரியும் வயல்களையும் ஏரிகளையும் நோக்குவரே அன்றித் தம் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று நோக்குவதில்லை. பழைய மேற்கட்டியை அகற்றிப் புதியது கட்டும் வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்தவன் யான். அவ்வேலையைப் பற்றியே இங்குக் கூறப் புகுகின்றேன்.

எனது ஊர் மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றும், அக்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயிலும், 1542இல் இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியிருந்த குகையும் எங்கள் ஊருக்குப் பெருமை தருவன. புயலில் சிக்கிக் கரையேறிய போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவன் ஒருவன், முறிந்த பாய்மரத்தைக்கொண்டு ஒரு சிலுவை செய்து இக்குன்றின்மேல் நாட்டினான் என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். ஆகவே பாய்மரமும் பாயும் எங்களுக்கு வெறும் தொழிற்கருவிகள் அல்ல. என் தந்தையார் தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிகளுக்குப் பாய் தைத்தவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற அத்தோணிகள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலும் காற்றையே நம்பி ஓடின. பின்னர்த் தோணிகளில் எஞ்சின் ஏறிற்று. பாய் தைப்போரின் தொழில் சுருங்கிற்று. தந்தையாரிடம் ஊசி பிடிக்கக் கற்ற யான், முதலில் மோட்டார் வண்டிகளுக்கு இருக்கை உறை தைக்கும் கடையிலும், பிறகு விமானம் ஓட்டக் கற்பிக்கும் கழகம் ஒன்றின் பணிமனையிலும் வேலைக்குச் சேர்ந்தேன்.

பாய் தைக்கும் குடியில் பிறந்தவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று சிலர் வியந்ததுண்டு. உண்மையில் விமானமும் துணியால் பிறந்ததே. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் சிறகுகள், மரச் சட்டத்தின்மேல் மஸ்லின் துணி போர்த்தவை. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். நெவில் வின்சென்ட் அதனை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அப்பணியில் ஈடுபட்ட பஸ் மாத் விமானமும் உருக்குக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்ததே. அதற்கு முந்திய சிறு விமானங்கள் பலவற்றில் ஓட்டுபவர் திறந்த வெளியில் அமர்ந்து காற்றும் மழையும் முகத்தில் அறையப் பறந்தார். அவருக்கு வானமே மேற்கட்டி. பஸ் மாத் போன்றவை மூடிய அறையோடு வந்தன. ஓர் அறை என்று வந்துவிட்டால் அதற்குக் கூரை வேண்டும். கூரைக்கு உட்புறம் துணி வேண்டும். டாக்டர் வி. எம். காட்கே முதலியோர் வடிவமைக்க, பெங்களூரில் உருவாகி 1958இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக் என்னும் இந்திய விமானமும் துணி போர்த்த சிறு விமானமே. நம் நாட்டு இளைஞர் பலர் அதில் அமர்ந்தே பறக்கக் கற்றனர்.

யான் மிகுதியும் வேலை செய்தது செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானத்தில். 1956 முதல் அமெரிக்காவில் செய்யப்பட்டுவரும் அவ்வகை விமானங்கள் இதுவரை 44,000க்கும் மேல் வெளிவந்துள்ளன. உலகில் வேறு எந்த விமானமும் இத்துணை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. அதன் சிறகுகள் அறையின் கூரைக்கு மேலாக இருபுறமும் நீண்டிருக்கும். ஆதலால் சிறகுக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு முழுவதும் அமர்ந்திருப்போரின் தலைக்கு மேலேயே அமைந்திருக்கிறது. விமானத்தை இடமும் வலமும் சாய்க்கும் சிறகு மடல்களை இணைக்கும் எஃகு வடம் ஒரு சிறகிலிருந்து மறு சிறகுக்கு அவ்வழியே செல்கிறது. இரு சிறகுகளிலும் உள்ள பெட்ரோல் தொட்டிகளின் காற்றுக்குழலும், விளக்குகளுக்கும் வானொலிக்கும் உரிய மின்கம்பிகளும் அங்கேதான் ஓடுகின்றன. இவை அனைத்தையும் மறைத்துக்கொண்டு, பார்வைக்கு ஒன்றுமறியாதது போல் ஒரு மெல்லிய துணி நிற்கிறது.

ஒரு முறை எங்கள் கழகத்தின் பழைய விமானம் ஒன்றில் மேற்கட்டி தளர்ந்து, பின்னிருக்கையில் அமர்வோர் தலையைத் தொடும் அளவுக்குத் தொங்கிவிட்டது. அதில் உள்ளங்கை அகலத்திற்குப் பழுப்பு நிறக் கறை ஒன்றும் இருந்தது. மழைநீர் ஒழுகியதால் வந்த கறை என்று எல்லோரும் எண்ணினர். புதிய மாணவர்கள் வந்து சேர்வதற்கு இரண்டு வாரங்களே இருந்தன. அதற்குள் துணியை மாற்றிவிட வேண்டும் என்று கழகச் செயலாளர் கூறினார். பணிமனைக்குப் பொறுப்பேற்றிருந்த முதிய பொறியாளர் என்னை அழைத்து, “தம்பி, துணியை மாற்றுவது உன் வேலை, துணிக்கு மேலே இருப்பதைப் பார்ப்பது என் வேலை. நான் பார்த்து முடிக்கும் வரையில் புதுத்துணியில் கை வைக்காதே” என்றார்.

முதலில் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்தோம். வெயில் மறைப்புப் பலகைகள், கூரை விளக்கு, கதவுத் தூண்களின் மூடிகள், சன்னல் ஓரச் சட்டங்கள் ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. இம்மேற்கட்டியின் அமைப்பு எளிது. துணியின் மேற்புறத்தில், பாவாடைக்கு நாடா நுழைக்கும் பட்டியைப் போல, குறுக்கே பல பட்டிகள் தைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பட்டிக்குள்ளும் வில்போல் வளைந்த எஃகுக் கம்பி ஒன்று நுழைந்திருக்கும். அக்கம்பிகளின் முனைகள் இரு கதவுகளுக்கும் மேலே உள்ள தகடுகளில் செருகி நிற்கும். துணியின் ஓரங்களைக் கூரிய தகட்டுப் பற்கள் பற்றிக்கொண்டிருக்கும். பற்கள் இல்லாத இடத்தில் ரப்பர் பசை. கழற்றும்போது முன்னிருந்து பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். பின்னிருந்து தொடங்கினால் கம்பிகள் வெளிவாரா. மாட்டும்போதோ பின்னிருந்து முன்னோக்கி வருதல் வேண்டும். வளைகம்பிகள் ஒன்றுக்கொன்று நீளத்திலும் வளைவிலும் வேறுபடும். ஆகவே ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டினேன். சீட்டுக் கட்டச் சோம்பியவன் பிறகு கம்பிகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் திகைத்திருக்க வேண்டியதுதான்.

துணியை எடுத்ததும் அதற்கு மேலிருந்த கண்ணாடிப் பஞ்சு தென்பட்டது. எஞ்சினின் ஓசையையும் வெயிலின் வெப்பத்தையும் குறைப்பதற்காக வைக்கப்படும் பஞ்சு அது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் தோலில் பட்டு அரிப்பு உண்டாகும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே அதனைத் தொடுதல் வேண்டும். காற்று வரும் துளை ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வானில் பறக்கும் பொருளில் தானும் குடியேறி, வாடகையின்றி எத்தனையோ ஊர்களைக் கண்டிருக்கும் அக்குளவி!

கறை இருந்த இடத்திற்கு நேர் மேலே பொறியாளர் கைவிளக்கைப் பிடித்தார். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னிருக்கையில் இருப்போர் படிப்பதற்காக என்றோ யாரோ ஒரு சிறு விளக்கைக் கூடுதலாகப் பொருத்தியிருந்தனர். அதற்குச் செல்லும் மின்கம்பியை எங்கும் இறுகக் கட்டவில்லை. அது மூன்றாம் வளைகம்பியின்மேல் வெறுமனே கிடந்தது. எஞ்சின் அதிருந்தோறும் இரண்டும் உராய்ந்து உராய்ந்து, மின்கம்பியின் காப்புறை தேய்ந்து, உள்ளிருந்த செம்பு இழைகள் வெளியே தெரிந்தன. அவற்றுள் இரண்டு கருகியிருந்தன. நாங்கள் மழைக்கறை என்று எண்ணியது சூட்டினால் துணி பழுத்த தடம். பெட்ரோல் தொட்டிகளின் காற்றுக்குழல் அங்கிருந்து ஒரு சாண் தொலைவில் இருந்தது.

“நீ பார்த்துக்கொள், தம்பி. இதை நாளைக்குப் பிறருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்” என்றார் பொறியாளர்.

கூரைக்கும் மேற்கட்டிக்கும் இடையே உள்ள இடம் எத்துணை ஆபத்தானது என்பதை உலகம் பெருவிலை கொடுத்து அறிந்திருக்கிறது. 1998 செப்டம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் புறப்பட்ட சுவிஸ் நாட்டுப் பெருவிமானம் ஒன்று கனடாவின் கடற்கரைக்கு அப்பால் வீழ்ந்து, அதிலிருந்த 229 பேரும் மாண்டனர். கடலின் அடியிலிருந்து சிதறல்களை அள்ளியெடுத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கனடா விசாரணையாளர், விமானிகளின் அறைக்கு அருகே கூரைத் தட்டிக்கு மேலே தீ தொடங்கியது என்றும், மின்கம்பியில் எழுந்த பொறி அங்கிருந்த காப்புப் போர்வையின் மேலுறையைப் பற்றியிருக்கக்கூடும் என்றும் முடிவு கூறினர். விமானிகள் முதலில் உணர்ந்தது சிறிது புகைநாற்றமே. தீ இருந்த இடமோ கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. அந்த வகை மேலுறை பின்னர் விமானங்களிலிருந்து நீக்கப்பட்டது. எங்கள் சிறு விமானத்தையும் அப்பெருவிமானத்தையும் ஒப்பிடுதல் பொருந்தாது என்று சிலர் கூறலாம். மின்பொறிக்குச் சிறிது பெரிது என்னும் வேறுபாடு தெரியாது.

தேய்ந்த கம்பியை நீக்கிப் புதிய கம்பியிட்டு, அது வளைவுகளைத் தொடாதவாறு உடற்சட்டத்தோடு பல இடங்களில் கட்டுவதற்கு ஒரு நாள் சென்றது. சிறகுக்குச் சிறகு செல்லும் வடத்தையும், அதனை முறுக்கி இறுக்கும் திருகையும், அத்திருகு தானே தளராதபடி கட்டியிருந்த பூட்டுக்கம்பியையும் பொறியாளர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சிறகின் அடியில் காற்று நுழையும் இடைவெளிகளை அகன்ற துணிநாடாவால் ஒட்டி மூடினோம்.

இனித் துணி. செயலாளர் முன்னரே கடைவீதியில் ஒரு துணி வாங்கி வைத்திருந்தார். இளநீல நிறம்; பட்டைப் போன்ற மினுக்கம்; விலையும் மலிவு. அதனைக் கண்டவர் எல்லோரும் புகழ்ந்தனர். பொறியாளர் மட்டும் தீச்சோதனைச் சான்று எங்கே என்று கேட்டார். சான்று இல்லை. ஒரு முழ நீளத்தில் ஒரு பட்டையைக் கத்தரித்துப் பணிமனைக்கு வெளியே கொண்டுபோய், இடுக்கியால் பிடித்து நுனியில் நெருப்பு வைத்தார். அது துணியைப்போல் எரியவில்லை, மெழுகைப்போல் உருகிற்று. எரியும் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் சொட்டின. கீழே அமர்ந்திருப்போரின் தலையையும் தோளையும் எண்ணிப் பார்த்தோம். செயலாளர் அதன்பின் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. அத்துணியைத் தம் வீட்டு வாயிலுக்குத் திரையாகக் கொண்டுபோனார்.

சிறு விமானத்தின் உட்புறத் துணி, தீ வைத்த பொருளை அகற்றியவுடன் தானும் அடங்கிவிட வேண்டும். அடங்காவிடினும் மிக மெல்லவே பரவ வேண்டும். நிமிடத்திற்கு 4 அங்குலத்திற்கு மேல் எரிந்து பரவாத துணியே தீத்தாங்கும் துணி என்று அமெரிக்க விதிகளில் பழைய வரையறை ஒன்று உண்டு. கைச்சோதனை வேண்டாததை விலக்குவதற்கே பயன்படும். வேண்டியதை ஏற்பதற்கு முறையான ஆய்வகச் சான்று வேண்டும். துணி மட்டுமன்று, பஞ்சும் பசையும் அவ்வாறே சோதிக்கப்பெற்றவையாக இருத்தல் வேண்டும். சான்றோடு கூடிய சாம்பல் நிறத் துணி வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின. புதிய மாணவர்கள் வந்துவிட்டனர். அவர்கள் வேறு விமானத்தில் முறைவைத்துப் பறந்தனர். சிலர் முணுமுணுக்கவும் செய்தனர். பொறியாளர் அவர்களைப் பணிமனைக்கு அழைத்து, தேய்ந்த மின்கம்பித் துண்டைக் கையில் கொடுத்தார். அது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சென்றபோது பேச்சு அடங்கிவிட்டது.

காத்திருந்த அந்நாட்களில் யான் இரண்டு நாள் விடுமுறையில் மணப்பாட்டிற்குச் சென்றேன். செப்டம்பர் மாதம், திருச்சிலுவைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. மேற்கட்டி வேலையைப் பற்றிக் கூறியபோது தந்தையார் கேட்ட கேள்வி ஒன்றே: “பாவு எந்தப் பக்கம் வருகிறது?” பாய் தைப்போர்க்கு அதுவே முதற்கேள்வி. துணியில் நெடுக ஓடும் பாவு எளிதில் நீளாது. குறுக்கே ஓடும் ஊடை சிறிது நீளும். கோணல்வாக்கில் இழுத்தால் துணி மிகவும் நீளும். பாயைப் பருமலில் கட்டி ஆஞ்சான் கயிற்றால் ஏற்றும்போது, இழை சற்றே கோணியிருந்தாலும் காற்று அக்கோணலைப் பெரிதாக்கிப் பாயைப் பையாகத் தொங்கவிடும். மேற்கட்டியிலும் நூல் பிடித்து நேராக வெட்டாவிடில், எத்துணை இழுத்தாலும் மூலைக்கு மூலை சுருக்கம் விழும். நெடுக ஓடும் இழை விமானத்தின் மூக்கிலிருந்து வாலை நோக்கிச் செல்லுமாறு வைப்பேன் என்றேன். “தையலில் ஊசியை எண்ணி வை” என்று மட்டும் அவர் சேர்த்துச் சொன்னார். பாய்க்குள் மறந்துவிட்ட ஊசி தோணிக்காரன் கையைக் கிழிக்கும். விமானத்தில் மறந்துவிட்ட ஊசி எங்குப் போய்ச் செருகும் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் காலத்தில் ஊருக்கு அருகே பறந்தவை கடற்பறவைகளே. இன்றோ, பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றுள்ளது.

திரும்பி வந்து பழைய மேற்கட்டியின் தையல்களைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் நீர் தெளித்துப் படியவைத்து, அதனையே அளவாகக்கொண்டு புதுத்துணியை வெட்டினேன். பழைய துணி தொங்கித் தொங்கி நீண்டிருந்தபடியால் அதன் அளவை அப்படியே நம்புதல் கூடாது. வளைகம்பிகளின் நீளத்தோடு ஒத்துப்பார்த்துச் சில இடங்களில் குறைத்தேன். பட்டிகளை ஒன்றுக்கொன்று இணையாகத் தைப்பதிலேயே திறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு பட்டி அரை விரற்கடை விலகினாலும் கூரையில் அலை எழுந்ததுபோல் தோன்றும்.

மாட்டும் வேலை ஒரு முழு நாள் நடந்தது. விமானத்தின் தரையில் மல்லாந்து படுத்தும், முழங்காலில் நின்றும், கைகளை மேலே தூக்கியவாறே செய்யும் வேலை அது. சிறிது நேரத்திற்குள் தோள்கள் ஈயம்போல் கனக்கும். பின்புற வளைகம்பிகள் இரண்டையும் முதலில் நிறுத்திப் பின்னோரத்தைப் பற்களில் மாட்டினேன். நடுக்கோடு சரியாக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தபின் ஒவ்வொரு வளைவாக முன்னோக்கி வந்தேன். இங்கேதான் பாய் தைத்தவனின் பழக்கம் தடையாக வந்து நின்றது. பாயை இறுக இழுத்துக் கட்டுவதே எங்கள் வழக்கம். மேற்கட்டியை அவ்வாறு இழுத்தால் வளைகம்பிகள் தட்டையாகிவிடும். அவற்றுக்கு மேலே உள்ளவற்றைத் துணி போய் அழுத்தும். சுருக்கம் நீங்கும் அளவுக்கு இழுத்து, அதற்கு மேல் ஒரு நூலும் இழுக்காமல் விடுதல் வேண்டும். அவ்வளவைக் கண் அறியாது. உள்ளங்கையால் தடவினால்தான் தெரியும்.

மாலையில் பொறியாளர் உள்ளே ஏறி, சிறகு மடல்களை இருபுறமும் இறுதிவரை அசைத்து, துணியில் எங்கேனும் சிறு துடிப்பு எழுகிறதா என்று விரல்களை வைத்துப் பார்த்தார். விளக்குகளை ஏற்றி அணைத்தார். என் ஊசிகளையும் கத்தரிகளையும் தாமே எண்ணினார். எடுத்தபோது இருந்த எண்ணிக்கையே இருந்தது. கழற்றிய துணியையும் பஞ்சையும் முன்னரே நிறுத்து வைத்திருந்தோம்; புதியவற்றின் எடையையும் குறித்து இரண்டையும் ஒப்பிட்டார். விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பொருளின் எடையும், அது இருக்கும் இடமும் கணக்கில் வந்தாக வேண்டும். பிறகு பதிவேட்டைத் திறந்து, மாற்றிய துணியின் பெயர், சான்றின் எண், நீக்கிய மின்கம்பி, நாள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டார்.

நான் கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பு விளக்கைப் பொருத்தியதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் எழுந்து, கொட்டகையின் மறுகோடியில் நின்ற இரண்டாம் விமானத்தின் கதவைத் திறந்து, பின்னிருக்கைக்கு மேலே கைவிளக்கை அடித்துப் பார்த்தார். அங்கும் அதே வகை விளக்கு ஒன்று இருந்தது. துணியில் கறை ஒன்றும் காணப்படவில்லை. ஆயினும் அந்த விமானத்தைப் பறக்கவிடலாகாது என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டார். மறுநாட் காலையில் அதன் இருக்கைகளைக் கழற்றத் தொடங்கினோம்.